மரைக்காயர் என்னும் பட்டப்பெயர்

(நமது ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

  

 

வரவு செலவு வாசித்து முடிந்த பின் ஒரு பொருள் பற்றிச் சுருக்கமாகப் பேசுவது இக்கூட்டத்தின் வழக்கம். இம்முறை பொருளைத் தந்தவர்கள் நம் இளைஞர்கள். வெளிநாடு செல்லும் பிள்ளைகளின் கடவுச்சீட்டில் "குடும்பப் பெயர்" என்ற கட்டத்தில் எதை எழுதுவது என்று ஜமாஅத் அலுவலகத்திற்கு வந்து கேட்பவர்கள் அண்மைக் காலமாகப் பெருகியிருக்கின்றனர். இதற்குக் காரணம் உண்டு. ஒற்றைப் பெயர் மட்டுமே உள்ள கடவுச்சீட்டுடன் வருகை விசாவில் வருவோரை ஏற்பதில்லை என்று 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம் அறிவித்தது. தந்தை பெயரோ குடும்பப் பெயரோ கடவுச்சீட்டின் இரண்டாம் பக்கத்தில் இருந்தால் போதும் என்ற விளக்கமும் பின்னர் வந்தது. ஆயினும் அன்று பிடித்த அச்சம் இன்னும் நீங்கவில்லை. தலைப்பெழுத்தும் பெயருமாகவே தலைமுறைகளாக வாழ்ந்துவிட்ட நாம், இல்லாத குடும்பப் பெயரைத் தேடத் தொடங்கினோம். அப்போதுதான் சிலருக்குப் பாட்டனாரின் பெயருக்குப் பின்னால் "மரைக்காயர்" என்று ஒரு சொல் இருந்தது நினைவுக்கு வந்தது. "அதன் பொருள் என்ன? அதை எழுதலாமா? எப்படி எழுதுவது?" என்று கேட்டனர். அக்கேள்விகளுக்கு விடை கூறவே இன்று முற்படுகிறோம்.

கீழக்கரையிலோ காயல்பட்டினத்திலோ நாகூரிலோ பரங்கிப்பேட்டையிலோ இக்கேள்வியைக் கேட்டால் சிரிப்பார்கள். அங்கே தெருவுக்குத் தெரு மரைக்காயர் உண்டு. அம்பத்தூரிலும் ஆவடியிலும் பூவிருந்தவல்லியிலும் அப்பெயர் அரிதாகிப்போனதற்கு நாம் இங்கே வந்து சேர்ந்த விதமே காரணம். 1964-இல் அம்பத்தூர்த் தொழிற்பேட்டை உருவானது. ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை எழுந்தது. வேலை தேடி வந்த நம் முன்னோர் இராமநாதபுரத்திலிருந்தும் தஞ்சையிலிருந்தும் நெல்லையிலிருந்தும் வட ஆர்க்காட்டிலிருந்தும் மலையாளக் கரையிலிருந்தும் தனித்தனியே வந்து ஒரே பள்ளிவாசலில் ஒன்று கூடினர். தொழிற்சாலைப் பதிவேட்டில் தலைப்பெழுத்துக்கும் பெயருக்கும் மட்டுமே இடம் இருந்தது. பட்டப்பெயர் ஊரிலேயே தங்கிவிட்டது. ஊருக்குப் போனால் மரைக்காயர், ஆலைக்கு வந்தால் வெறும் அப்துல் காதர்!

சொல்லின் பிறப்புக்கு வருவோம். இரண்டு கருத்துகள் நிலவுகின்றன. "மர்கப்" என்ற அரபுச் சொல்லுக்குக் கப்பல் என்று பொருள். அதிலிருந்தே மரைக்காயர் வந்தது என்பர் ஒரு சாரார். 1909-இல் எட்கர் தர்ஸ்டன் வெளியிட்ட தென்னிந்தியச் சாதிகளும் குடிகளும் பற்றிய நூலில் இதற்கொரு கதையும் உண்டு. கரையில் வந்திறங்கிய அரபு வணிகரை நோக்கி "நீவிர் யார்?" என்று உள்ளூரார் வினவ, மொழி புரியாத அவர்கள் தம் கப்பலைச் சுட்டிக்காட்டி "மர்கப்" என்றார்களாம், அதுவே அவர்கள் பெயராகிவிட்டதாம். கேட்க இனிய கதைதான். ஆனால் பெயர்ச்சொற்களுக்குச் சொல்லப்படும் இத்தகைய கதைகள் பெரும்பாலும் பெயர் வழங்கத் தொடங்கிய பின்னர்த் தோன்றுபவை என்பது நம் கருத்து.

மற்றொரு சாரார் "மரக்கலம்" என்ற தமிழ்ச் சொல்லையே மூலமாகக் காட்டுவர். மரத்தால் ஆன கலம் மரக்கலம். அதை உடையவர் மரக்கலராயர். அது பேச்சில் தேய்ந்து மரைக்காயர் ஆயிற்று என்பது அவர்கள் விளக்கம். நமக்கு இதுவே வலுவுடையதாகத் தோன்றுகிறது. அண்டை மொழிகள் தரும் சான்றே அதற்குக் காரணம். மலையாளக் கரையில் இதே பட்டம் "மரக்கார்" என வழங்குகிறது. இலங்கையில் சிங்கள மக்கள் முஸ்லிம்களை வழிவழியாக அழைத்த பெயர் "மரக்கல" என்பதாகும். மரக்கலத்தில் வந்த மனிதர் என்பது அதன் கருத்து. 1915-இல் அங்கு முஸ்லிம்களுக்கு எதிராக மூண்ட கலவரத்தைச் சிங்களத்தில் மரக்கலக் கலவரம் என்றே குறிப்பிடுகின்றனர். மூன்று நாட்டுக் கரையிலும் மரக்கலம் என்ற சொல்லின் உடல் சிதையாமல் இருக்கும்போது, அரபு மூலத்தை மட்டும் பிடித்துக்கொள்ள வேண்டிய தேவை நமக்கு இல்லை. தமிழ் பேசும் முஸ்லிமின் பெயருக்குத் தமிழே வேராக இருப்பதில் நமக்கு என்ன குறை?

அரபுச் சொல்லை முற்றிலும் ஒதுக்கவும் வேண்டியதில்லை. இரண்டு மொழியும் அறிந்த துறைமுகத்தில் மர்கப் என்பதும் மரக்கலம் என்பதும் ஒன்றோடொன்று காதில் ஒலித்திருக்கும். ஒன்றுக்கு மற்றொன்று துணை நின்றிருக்கும். நம் கடற்கரைத் தமிழில் இத்தகைய கலப்பு நிறைய உண்டு. கப்பலைச் செலுத்துவோனைக் குறிக்கும் மாலுமி என்ற சொல், ஆசானைக் குறிக்கும் "முஅல்லிம்" என்ற அரபுச் சொல்லிலிருந்து வந்தது. வழிகாட்டுபவர் கடலிலும் ஆசான்தானே! அச்சொல்லே மாலுமியார், மாலிமார் எனச் சில குடும்பங்களின் பெயராகவும் விளங்குகிறது. சுக்கான் என்பதும் அரபு. கப்பல் தலைவனைக் குறிக்கும் நகுதா பாரசீகம். கொடுத்ததும் உண்டு: கட்டுமரம் என்ற நம் சொல்லை ஆங்கிலேயர் எடுத்துச் சென்று உலகெங்கும் பரப்பினர்.

இங்கே மற்றொரு பட்டப்பெயரையும் சேர்த்துச் சொல்லியாக வேண்டும். நம் ஜமாஅத்தில் மரைக்காயர்களைவிட இராவுத்தர்களே மிகுதி என்பது எல்லோரும் அறிந்ததே. இராவுத்தர் என்றால் குதிரை வீரர். வடமொழியின் இராசபுத்திரன் என்ற சொல் பல மொழிகளில் தேய்ந்து திரிந்து குதிரை வீரனைக் குறிக்கும் சொல்லாயிற்று என்பர். தெலுங்கில் ரௌது, மராத்தியில் ராவுத் என அதன் உறவுச் சொற்கள் உள்ளன. பதினைந்தாம் நூற்றாண்டின் அருணகிரிநாதர் முருகனையே இராவுத்தன் என்று விளித்திருக்கிறார் என்றால், அச்சொல் அன்று தமிழ் நிலத்தில் எத்துணை மதிப்புடன் வழங்கியது என்று எண்ணிப் பாருங்கள். அரபு நாட்டுக் குதிரைகள் காயல் துறையில் வந்திறங்கியதைப் பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ எழுதிவைத்துச் சென்றார். குதிரையைக் கப்பலில் கொண்டுவந்தவரும் அதன்மீது ஏறிப் போர்புரிந்தவரும் ஒரே வணிகத்தின் இரு முனைகளில் நின்றவர்கள். இன்னொன்றையும் கவனியுங்கள். அரபு மொழியில் "ரகிப" என்ற வேர்ச்சொல் ஏறுதலைக் குறிக்கும். அதிலிருந்து பிறந்ததே மர்கப். குதிரைமேல் ஏறுபவனுக்குரிய "ராகிப்" என்ற சொல்லும் அதே வேரிலிருந்து வந்ததுதான். நூஹ் (அலை) அவர்கள் தம் மக்களைக் கப்பலில் ஏறுமாறு அழைக்கும் இடத்தில் திருமறையின் ஹூத் அத்தியாயமும் இவ்வேரையே ஆள்கிறது. அரபு அறிந்தவன் பார்வையில் மரைக்காயரும் இராவுத்தரும் ஏறிச் சென்றவர்கள். ஒருவர் கலத்தில், மற்றவர் குதிரையில்.

இப்பட்டம் தாங்கிய பெருமக்களில் தமிழர் நெஞ்சில் நிலைத்தவர் வள்ளல் சீதக்காதி. கீழக்கரையைச் சேர்ந்த அவருடைய இயற்பெயர் செய்கு அப்துல் காதிர். அதுவே மக்கள் நாவில் சீதக்காதி ஆனது. டச்சுக் கம்பெனியார் தம் ஏடுகளில் அவரைப் பெரியதம்பி மரைக்காயர் என்றே குறித்தனர். வணிகத்தில் அவரோடு போட்டியிட்டவர்களுக்கு அவருடைய பட்டமே பெயராக இருந்தது, புலவர்களுக்கோ சீதக்காதி. உமறுப்புலவர் சீறாப்புராணம் பாடத் தொடங்க ஆதரவு தந்தவர் அவர். அவருக்குப் பின் அப்பணிக்குத் துணை நின்றவர் பரங்கிப்பேட்டை அபுல் காசிம் மரைக்காயர். உமறுப்புலவர் முடிக்காது விட்ட வரலாற்றைச் சின்னச் சீறா எனப் பாடியவர் பனீ அகமது மரைக்காயர். கப்பல் ஓட்டிய குலத்திற்கும் தமிழ்க் காப்பியத்திற்கும் இருந்த உறவை நம் பிள்ளைகள் அறியவேண்டும் என்பதற்காகவே இதனை விரித்துரைக்கிறோம்.

மேற்குக் கரையில் கோழிக்கோட்டுச் சாமூதிரி மன்னரின் கடற்படைத் தலைவர்களாக விளங்கிய குஞ்ஞாலி மரக்கார்கள் நால்வர். போர்ச்சுகீசியரைப் பதினாறாம் நூற்றாண்டு முழுவதும் உறங்கவிடாத அவர்களுள் நான்காமவர் 1600-ஆம் ஆண்டில் கோவாவில் கொல்லப்பட்டார். மலையாளத் திரைப்படம் ஒன்று 2021-இல் அவர் பெயரோடு வெளிவந்த பிறகு, மரக்கார் என்ற சொல்லை நம் வீட்டுச் சிறுவர்களும் உச்சரிக்கின்றனர். ஏட்டைவிடத் திரைப்படம் வேகமாகப் பாய்கிறது; என் செய்வது!

கடல் கடந்த இடங்களில் இப்பெயர் பெற்ற வாழ்வு இன்னும் வியப்புக்குரியது. பினாங்கின் புகழ்பெற்ற கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் 1801-இல் எழுந்தது. அதனை நிறுவிய காதர் முகைதீன், பரங்கிப்பேட்டையிலிருந்து சென்றவர். தென்னிந்தியரின் தலைவராக ஆங்கிலேயரால் அமர்த்தப்பட்டவர். அவரையும் அவரைப் போன்ற வணிகர்களையும் ஒட்டி அந்நாட்டில் பெருகிய குடும்பங்கள் தம் பெயரை மரிக்கான் என்றும் மெரிக்கன் என்றும் எழுதின. முதன்முறை காண்போர் அமெரிக்கன் என்பதில் முதலெழுத்து விடுபட்டதோ என்று எண்ணக்கூடும்! இலங்கையில் அது மரிக்கார் ஆயிற்று. மாக்கான் மாக்கார் என்ற குடும்பப் பெயராகவும் நிலைத்தது. அக்குடும்பத்தின் சர் முகம்மது மாக்கான் மாக்கார் 1931-இல் அமைந்த இலங்கை அரசுப் பேரவையில் அமைச்சராக இருந்தார். புதுவையிலும் காரைக்காலிலும் பிரெஞ்சு எழுத்துமுறையால் மரிக்கார் என எழுதப்பட்டபோதும் மக்கள் மரைக்காயர் என்றே அழைத்தனர். 1967-இல் முதன்முதலாகப் புதுச்சேரி முதலமைச்சராகி, கேரள ஆளுநராக இருக்கையில் 2012-இல் மறைந்த ஃபாரூக் மரைக்காயர் அவர்களை நம்மில் பலர் அறிவர்.

எல்லோரும் அறிந்த மற்றொருவரை மரைக்காயர் என்று யாரும் அழைத்ததில்லை. குடியரசுத் தலைவராக விளங்கிய மேதகு அப்துல் கலாம் அவர்களின் தந்தையார் ஜைனுலாப்தீன் மரைக்காயர் இராமேசுவரத்தில் படகு உடையவராகவும் பள்ளிவாசலில் தொழுகை நடத்துபவராகவும் இருந்தார். மகனோ முன்னோர் பெயர்களின் தலைப்பெழுத்துகளோடு தம் பெயரை நிறுத்திக்கொண்டார். தமிழ்நாட்டில் நிகழ்ந்தது இதுதான். பினாங்கில் பட்டம் குடும்பப் பெயராக இறுகியது; இங்கே பெயர் நின்று பட்டம் உதிர்ந்தது. பாய்மரக் கப்பல்களை நீராவிக் கப்பல்கள் வென்றதும், கப்பல் உடையவர் கப்பல் பயணி ஆனார். சென்னையிலிருந்தும் நாகையிலிருந்தும் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் சென்றுவந்த ரஜூலாக் கப்பலின் பயணங்கள் 1973-இல் முடிந்தன. அதன்பின் வந்த சிதம்பரம் கப்பலும் 1985-இல் தீக்கிரையானதோடு அக்கடல்வழி ஓய்ந்தது. கலம் போன பின் கலத்தின் பெயர் மட்டும் எத்தனை நாள் நிற்கும்?

தாய்மார்கள் கவனிக்க வேண்டிய ஒன்றும் உண்டு. நம் வழக்கில் பெண்களின் பெயருக்குப் பின்னால் மரைக்காயர் என்று வருவதே இல்லை. நாச்சியார், பீவி, உம்மா என்பனவே அவர்களுக்குரியவை. காயலிலும் கீழக்கரையிலும் மணமகன் மணமகள் வீட்டில் வாழ்வதும், வீடு மகளுக்கே சேர்வதும் மரபு. அதாவது பட்டம் தந்தை வழியில், வீடு தாய் வழியில்! மரைக்காயர் என்பது மேலைநாட்டார் கூறும் பொருளில் குடும்பப் பெயர் அன்று, மரியாதை விகுதியோடு கூடிய ஒரு பட்டம் என்பதற்கு இதுவே சான்று. ஆகவே மனைவியின் கடவுச்சீட்டில் கணவருடைய பட்டத்தை எழுதத்தான் வேண்டும் என்று எவரேனும் கூறினால், அது நம் மரபும் அன்று, மார்க்கம் விதித்ததும் அன்று.

இனி, மனத்தை உறுத்தும் செய்தி ஒன்று. கடற்கரையில் ஒரு காலத்தில் மரைக்காயர் வீட்டுப் பெண்ணை இராவுத்தருக்கோ லெப்பைக்கோ கொடுப்பதில்லை என்ற வழக்கம் இருந்தது. மரைக்காயர் ஷாஃபிஈ, இராவுத்தர் ஹனஃபி என்ற மத்ஹபு வேறுபாடும் அதற்குத் துணை நின்றது. ஊரில் இன்று அது பெரிதும் தளர்ந்துவிட்டது. ஆனால் பட்டத்தையே மறந்திருந்த நம் புறநகரில், கடவுச்சீட்டுக்காகப் பட்டம் மீண்டும் தலைகாட்டியதும் இப்பழைய சுவரும் சேர்ந்து எழுவதைக் காண்கிறோம். பெண்ணும் பையனும் ஒத்து, பெற்றோரும் இசைந்து, கடைசியில் "அவர்கள் என்ன பட்டம்?" என்ற ஒரு கேள்வியில் நின்றுபோன வரன்கள் நம் மஹல்லாவில் உண்டு. யாரையும் சுட்டிக்கூற நாம் விரும்பவில்லை. கஃபாஅத் என்னும் பொருத்தம் பற்றிய சட்ட விளக்கத்தை நம் ஹஜ்ரத் அவர்களிடம் விட்டுவிடுகிறோம். நாம் கூறுவது சொல்லைப் பற்றி மட்டுமே. மரைக்காயர் என்ற சொல்லில் வம்சம் இல்லை, கப்பல் இருக்கிறது. அது தொழிலால் வந்த பெயர். ஹனஃபி மத்ஹபின் பேரறிஞர் இமாம் ஜஸ்ஸாஸ் அவர்களின் பெயருக்குச் சுண்ணம் பூசுபவர் என்று பொருள். இமாம் கஸ்ஸாஃப் அவர்களின் பெயருக்குச் செருப்புத் தைப்பவர் என்று பொருள். அப்பெயர்களால் அவர்கள் தாழ்ந்ததுமில்லை, உயர்ந்ததுமில்லை. குலங்களும் கோத்திரங்களும் ஒருவரையொருவர் அறிந்துகொள்வதற்கே என்ற கருத்தை ஹுஜுராத் அத்தியாயம் உரைப்பதை நாம் ஜும்ஆதோறும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறோம். இக்கப்பலில் ஏறாத சம்பந்தியைக் கரையிலேயே நிறுத்திவைக்க நமக்கு என்ன உரிமை?

சான்றிதழ் பற்றியும் ஒரு சொல். 2007-இல் தமிழக அரசு பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 3.5 விழுக்காடு தனி ஒதுக்கீடு வழங்கியது. அதன் பட்டியலில் லெப்பை என்ற பிரிவுக்குள்ளேயே இராவுத்தரும் மரைக்காயரும் அடக்கம். ஒதுக்கீட்டு வரிசையில் மூவரும் ஒருவரே! சான்றிதழ் பெறுவதற்குப் பெயரின் பின்னால் பட்டம் இருந்தாக வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. கடவுச்சீட்டின் குடும்பப் பெயர் வேறு, சமுதாயச் சான்று வேறு. இரண்டையும் குழப்பிக்கொண்டு பள்ளிச் சான்றிதழில் பெயரை மாற்ற அலைவோருக்காகவே இதைக் கூறுகிறோம்.

அப்படியானால் அந்தக் கட்டத்தில் எதை எழுதுவது? தந்தையின் பெயரை எழுதுங்கள் என்பதே நம் முதல் ஆலோசனை. பிள்ளைகளை அவர்தம் தந்தையரோடு சேர்த்து அழைக்குமாறு அஹ்ஸாப் அத்தியாயம் பணித்திருக்கிறது. தமிழரின் தலைப்பெழுத்து வழக்கும் அதனோடு பொருந்துகிறது. பாட்டனாரின் பத்திரத்திலோ நிகாஹ் பதிவிலோ மரைக்காயர் என்று உண்மையாகவே இருந்து, அதைத் தொடர விரும்புவோர் தாராளமாக எழுதலாம். ஆனால் ஒரு வீட்டில் ஒரே எழுத்துமுறை வேண்டும். தந்தைக்கு மரைக்காயர், மூத்த மகனுக்கு மரிக்கார், இளையவனுக்கு மரைக்கார் என்று ஆங்கிலத்தில் மூன்று விதமாக எழுதிவிட்டு, குடும்ப விசாவுக்குச் செல்லும்போது இவர் மகன்தானா என்று கேட்டால் யாரைக் குறை கூறுவது? அம்பத்தூர் நகராட்சியாக இருந்த காலத்தில் பெற்ற பிறப்புச் சான்றும், 2011-இல் சென்னை மாநகராட்சியோடு இணைந்த பின் பெற்ற சான்றும் ஒரே வீட்டில் இருக்கும். இரண்டிலும் பெயர் ஒத்திருக்கிறதா என்று இன்றிரவே எடுத்துப் பாருங்கள். பாட்டனாருக்கு இல்லாத பட்டத்தை அழகாக இருக்கிறதே என்று சூட்டிக்கொள்வது மட்டும் வேண்டாம். தனதல்லாத வழியைத் தனதென்று கூறுவதை மார்க்கம் கடுமையாகத் தடுத்திருக்கிறது.

நமது நிகாஹ் பதிவேட்டில் இனி மணமக்கள் இருவரின் பெயரும், அவர்தம் தந்தையரின் பெயரும், கடவுச்சீட்டில் உள்ள எழுத்துப்படியே தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதப்படும். பட்டப்பெயர் உடையோர் விரும்பினால் அதுவும் உடன் எழுதப்படும். அதற்கெனத் தனிக் கட்டம் இராது. ஊரிலிருந்து கொண்டுவந்த பழைய நிகாஹ் தாள்கள், கப்பல் பயணச் சீட்டுகள், பத்திரங்கள் எவரிடமேனும் இருந்தால், வரும் ரமளானுக்கு முன் ஜமாஅத் அலுவலகத்தில் காட்டிப் படி எடுத்துக்கொள்ள உதவுமாறு கேட்டுக்கொள்கிறோம். மூலத்தை அன்றே திருப்பித் தந்துவிடுவோம்.